சைக்கிள் செயினைக் கழுவும்போது இரும்பு கெட்டுப்போகுமா?

கேள்வி கேட்டவர் பொள்ளாச்சிக்கு மேற்கே, கோபாலபுரம் பக்கத்தில் இருக்கும் ஓர் அம்மா. மகள் பள்ளிக்கூடம் போய்வர ஏழு கியர் சைக்கிள் வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஆடி மாத மழையில் வண்டி சில நாள் வெளியிலேயே நின்றதில் செயின் செம்மண் நிறத்துக்கு வந்துவிட்டது. அதற்கு மேல் கரியைப் பூசியதுபோல அழுக்கு வேறு. தெரிந்தவர் ஒருவர் பெட்ரோலில் ஊறப்போடச் சொல்கிறார். இன்னொருவர், பாத்ரூம் ஆசிட்டை ஊற்றினால் ஐந்து நிமிடத்தில் துரு போய்விடும் என்கிறார். வீட்டில் இருக்கும் பெரியவர் புளிக்கரைசலே போதும் என்கிறார். எதைப் போட்டால் இரும்பு கெடாது என்பது அவர் கேள்வி. அதற்குள் இன்னும் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது: வீட்டில் வைத்து இதைச் செய்வது ஆபத்தில்லாத வேலையா, துருப்பிடித்த அந்தச் செயினை நம்பி மகளை ரோட்டுக்கு அனுப்பலாமா. மூன்றுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நான் ஐடிஐயில் ஃபிட்டர் படித்தவன். கோவையில் இரும்புச் சாமான்களுக்குப் பதம் ஏற்றும் ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறையில் சில காலம் வேலை பார்த்தேன். அதன்பின் பல வருடங்களாகக் கேரள எல்லை தாண்டி மீனாட்சிபுரம் பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வரை இருந்து வண்டி வரும். பால்காரர் வண்டி, கள்ளுக் கேன் கட்டிய வண்டி, உர மூட்டை ஏற்றும் வண்டி, இப்போது பிள்ளைகளின் கியர் சைக்கிள் என்று எல்லாமே கைக்கு வந்திருக்கின்றன. இந்தப் பக்கத்துச் செயின்களுக்குத் தனித் தொல்லை உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் காற்று மண்ணை வாரிக்கொண்டு வரும். சித்தூர் தாலுக்காவின் கிழக்குப் பகுதியில் கேரளத்தில் வேறெங்கும் அதிகம் பார்க்க முடியாத கரிசல் மண் இருக்கிறது. அது ஈரத்தில் ஒட்டினால் காய்ந்த பிறகும் விடாது. உர மூட்டையிலிருந்து சிந்தும் பொட்டாஷில் குளோரைடு உப்பு இருக்கிறது. அது பட்ட இரும்பு மழை வந்ததும் மற்றதைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். உங்கள் வண்டி தோட்டத்து மூட்டைகளுக்குப் பக்கத்தில் நிற்கிறது என்றால் முதலில் அதை இடம் மாற்றுங்கள்.

செயினில் எந்த இடத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று தெரிந்தால் மீதி எல்லாம் எளிது. மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் 1880-இல் உருவாக்கிய உருளைச் செயினின் அடிப்படைதான் இன்றைக்கும் ஓடுகிறது. வெளித் தகடு இரண்டு, உள் தகடு இரண்டு, அவற்றைக் கோர்க்கும் பின், அதன்மேல் சுழலும் உருளை. ஒரு பின்னுக்கும் அடுத்ததுக்கும் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். நம் கண்ணுக்குத் தெரிவது தகடும் உருளையும். தேய்மானம் நடப்பதோ பின்னும் உள் தகட்டின் துளையும் உரசும் இடத்தில். அங்கே எண்ணெய் இருந்தால் செயின் வருடக்கணக்கில் ஓடும். அங்கே மண் புகுந்தால் அதே எண்ணெய் மண்ணோடு கலந்து, இன்ஜின் வால்வைத் தேய்த்துச் சரிசெய்யும் பசை மாதிரி இரும்பைத் தின்னும். ஆகவே தகடு பளபளப்பாக வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். வெளியே கொஞ்சம் கறுத்திருந்தாலும் பின்னுக்குள் சுத்தமான எண்ணெய் இருக்கும் செயின் நல்ல செயின். வெள்ளி மாதிரி மின்னினாலும் பின் காய்ந்து கிடக்கும் செயின் கெட்ட செயின்.

இப்போது ஆசிட். இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை: செயினுக்கு ஆசிட் கூடாது. கழிவறை கழுவும் திரவங்களில் பெரும்பாலும் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கம்பெனிப் புட்டிகளில் அது சுமார் 10 சதவீதம் இருக்கும். கடையில் சில்லறையாக ஊற்றித் தரும் ஆசிட் அதைவிடக் கடுமையாகவும் இருக்கலாம். அது துருவைக் கரைப்பது உண்மை. துரு தீர்ந்ததும் அங்கேயே நிற்காமல் இரும்பையும் கரைக்கத் தொடங்கும். அதுகூடப் பரவாயில்லை, கண்ணுக்குத் தெரியும். தெரியாத கேடு வேறொன்று. அமிலமும் இரும்பும் சேரும்போது ஹைட்ரஜன் பிறக்கிறது. அதில் ஒரு பகுதி குமிழியாக வெளியே போகாமல் அணு அணுவாக எஃகுக்குள் நுழைந்துவிடும். சாதாரணக் கம்பி, ஆணி மாதிரி மென்மையான இரும்புக்கு இதனால் பெரிய பாதிப்பு இல்லை. பதம் ஏற்றிக் கடினமாக்கிய எஃகுக்குத்தான் ஆபத்து. எஃகு எவ்வளவு கடினமோ அவ்வளவு எளிதாக ஹைட்ரஜன் அதை நொறுங்கவைக்கும். செயினின் பின்னும் தகடும் பதம் ஏற்றியவை. ஆசிட்டில் போட்டு எடுத்த செயின் அன்றைக்கு நன்றாகவே ஓடும். பிறகு ஏதோ ஒரு நாள் ஏற்றத்தில் எழுந்து நின்று பெடலை மிதிக்கும்போது தகட்டில் வெடிப்பு விட்டு அறும். மிதித்த கால் வெறுமையில் இறங்கி, உடம்பு முன்னால் ஹேண்டில்பாரின் மேல் விழும்.

முலாம் பூசும் தொழிற்சாலைகளில் கடினமான எஃகை அமிலத்தில் முக்க வேண்டியிருந்தால், முலாம் முடிந்த கையோடு 190 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் சூளையில் வைத்து அந்த ஹைட்ரஜனை வெளியேற்றுவார்கள். வீட்டு அடுப்பில் அது முடியாது, முயலவும் கூடாது. சூடு கை மீறினால் எஃகின் பதமே இறங்கிவிடும். ஷிமானோ தன் செயின் குறிப்பில், துரு நீக்கி போன்ற அமிலத் திரவங்களும் காரத் திரவங்களும் கூடாது, நடுநிலையான சோப்புதான் போட வேண்டும், மீறினால் செயின் அறுந்து பெரிய காயம் ஏற்படலாம் என்று எச்சரிப்பது இதனால்தான். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒன்று சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அது நெஞ்சை அடைத்து உயிரையே எடுக்கக்கூடியது. குளியலறைத் தரையில் வைத்துச் செயின் கழுவுகிறவர்களுக்கு இந்த விபத்து எளிதாக நேரும்.

புளி, எலுமிச்சை, வினிகர் பற்றி நேர்மையாக இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும். இவையும் அமிலம்தான், வலிமை குறைவு. பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குவது நல்ல முறை. பெரியவர் அந்த அனுபவத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் விளக்கில் யாரும் ஏறி நின்று மிதிப்பதில்லை. சில நிமிடம் புளித்தண்ணீர் பட்டதால் ஒரு செயின் அறுந்தது என்று என்னால் சொல்ல முடியாது. அதே நேரம், அரை நாள் ஊறிய பிறகும் பாதிப்பே இல்லை என்று உத்தரவாதமும் தர முடியாது. உறுதியான கேடு வேறு: புளிப்பு நீர் பின்னுக்குள் புகுந்தால் கழுவினாலும் முழுதாக வெளியே வராது, உள்ளே இருந்தபடியே அரித்துக்கொண்டிருக்கும். கள்ளுக் கேன் கட்டும் வண்டிகளில் இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சொட்டிய கள் புளித்துக் காடியாகி, செயினின் ஒரு பக்கம் மட்டும் கண்ணிகள் இறுகிக் கிடக்கும். துணி சோடா, காஸ்டிக் சோடா போன்ற காரங்கள் இரும்பை அவ்வளவாகத் தொடாது, அலுமினியத்தைக் கடிக்கும். உங்கள் வண்டியில் பெடல் மாட்டும் கிராங்க், ரிம், கியர் மாற்றச் செயினைத் தள்ளும் டீரெயிலர் இவற்றில் ஏதாவது அலுமினிய அலாயாக இருக்கலாம். பாத்திரம் விளக்கும் கட்டி சோப்பிலும் தூளிலும் காரமும் இருக்கிறது, தேய்க்கும் பொடியும் இருக்கிறது. அந்தப் பொடி பின்னுக்குள் போவது மண் போவதற்குச் சமம். பாத்திரம் கழுவும் திரவ சோப்பு போதும்.

பெட்ரோல் இரும்பைக் கெடுக்குமா என்றால், கெடுக்காது. கிரீஸை நன்றாகக் கரைக்கும். அதனால்தான் நிறைய மெக்கானிக்குகள் அதையே எடுக்கிறார்கள். கெடுவது உலோகம் இல்லை, மனிதர். பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 40 டிகிரி குளிரிலும் பெட்ரோல் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும். நம் ஊர் வெயிலில் திறந்த கிண்ணத்தில் ஊற்றினால் சொல்லவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு படர்ந்து போய் அடுத்த அறையின் கேஸ் அடுப்பிலோ, வாசல் விளக்கிலோ பற்றி, வந்த வழியே திரும்பி ஓடி வரும். புற்றுநோய் உண்டாக்கும் பென்சீனும் அதில் கொஞ்சம் உண்டு. கையுறை இல்லாமல் பெட்ரோலில் கை நனைப்பது கெட்ட பழக்கம். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்த வேலைக்குப் பெட்ரோல் வேண்டவே வேண்டாம்.

மண்ணெண்ணெய் அதைவிட எவ்வளவோ மேல். இரும்புக்குக் கெடுதல் இல்லை, மெதுவாக ஆவியாகும். ஆனால் அதன் ஆவியும் நெருப்புப் பட்டால் பற்றிக்கொள்ளும் வெப்பநிலை ஏறக்குறைய 38 டிகிரியிலிருந்து தொடங்குகிறது. பங்குனி, சித்திரையில் பாலக்காட்டுப் பகல் 40-ஐத் தொட்டுவிடும் என்பதை நினைவில் வையுங்கள். காலை நேரத்தில், வெளியே, நிழலில், ஒரு சின்னக் கிண்ணத்தில் கொஞ்சமாக எடுத்துச் செய்யுங்கள். குடிக்கிற தண்ணீர் பாட்டிலில் மட்டும் அதை ஊற்றி வைக்காதீர்கள். தண்ணீர் என்று நினைத்துக் குழந்தைகள் குடித்துவிடும் விபத்து நம் கிராமங்களில் புதிதில்லை. டீசலும் அழுக்கைக் கரைக்கும், ஆனால் பிசுக்கு நிற்கும். அதில் மறுபடி மண் ஒட்டும். கம்பி பிரஷ், எமரித் தாள், வாட்டர் சர்வீஸ் கடையின் பிரஷர் தண்ணீர் மூன்றும் கூடாது. முதல் இரண்டும் துருவைத் தடுக்கும் மேற்பூச்சைச் சுரண்டிவிடும். மூன்றாவது, மண்ணையும் தண்ணீரையும் பின்னுக்குள்ளும் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்புக்குள்ளும் அடித்து ஏற்றும்.

வேலையை எப்படிச் செய்வது என்று வருகிறேன். ஏழு கியர் வண்டிச் செயினை வீட்டில் கழற்ற வேண்டியதில்லை. பிரித்து மாட்டுவதற்கென்றே உள்ள லாக் கண்ணி இருந்தால் கழற்றலாம்தான். இல்லாத செயினில் பின்னைத் தட்டிக் கழற்றி, அதே பின்னைத் திரும்ப அடித்தால் அந்த இடம் எப்போதும் பலவீனமாகவே இருக்கும். வண்டியிலேயே வைத்துச் செய்யுங்கள். ஸ்டாண்டு போட்டு, தோலில் படாதபடி கையுறை மாட்டி, முதலில் காய்ந்த பழைய டூத் பிரஷால் மண்ணைத் தட்டி எடுங்கள். ஈரம் படுவதற்கு முன்னால் எவ்வளவு மண் உதிர்கிறதோ அவ்வளவு லாபம். பிறகு ஒரு துணியை மண்ணெண்ணெயில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, செயினைப் பிடித்துத் துடைக்க வேண்டும்.

இந்த இடத்தில் விரலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். செயின் கழுவும் வேலையில் ஆசிட்டுக்கும் பெட்ரோலுக்கும் அடுத்த பெரிய ஆபத்து, பல்சக்கரத்துக்கும் செயினுக்கும் நடுவில் விரல் மாட்டுவது. பெடலை முன்பக்கம் சுற்றினால் பின்சக்கரமும் சேர்ந்து சுழலும். கையை நிறுத்தினாலும் அது தன் வேகத்தில் ஓடும், ஆரக்கால் கையை வெட்டும். அதனால் பெடலைப் பின்பக்கமாக மட்டும் மெதுவாகச் சுற்றுங்கள். அப்போது கீழ்ப்பக்கச் செயின், பின்னால் தொங்கும் டீரெயிலரிலிருந்து வெளியே வந்து முன்னாலுள்ள பெரிய பல்சக்கரத்துக்குள் போகும். துணியைச் செயின் வெளியே வருகிற இடத்தில், டீரெயிலருக்குச் சற்று முன்னால் பிடியுங்கள். செயின் உள்ளே போகிற இடத்துக்குப் பக்கத்தில் கை போகவே கூடாது. துணியின் நுனி தொங்கக் கூடாது. ஒரே ஆள் சுற்றி, அதே ஆள்தான் துடைக்க வேண்டும். மகள் சுற்ற, அம்மா துடைக்க என்று பங்கு போட்டுக்கொள்ளாதீர்கள்; பாதி விபத்து அப்படித்தான் நடக்கிறது.

துணியில் கருப்பு குறைந்து வரும்வரை இடம் மாற்றி மாற்றித் துடைத்த பிறகு, வெதுவெதுப்பான தண்ணீரில் திரவ சோப்பு கலந்து பிரஷால் இரண்டு பக்கமும் தேயுங்கள். மக்கில் மொண்டு மேலிருந்து கீழாக ஊற்றிக் கழுவுங்கள். பக்கவாட்டிலிருந்து சக்கரத்தின் நடுப்பகுதிக்குள் பீய்ச்ச வேண்டாம். டிஸ்க் பிரேக் வண்டியாக இருந்தால் அந்தத் தட்டில் எண்ணெய்க் கையோ மண்ணெண்ணெய்த் துணியோ படக்கூடாது. ரிம் பிரேக்காக இருந்தால் ரிம்மில் படக்கூடாது. பட்டால் பிரேக் பிடிக்காது. கழுவியதும் காய்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்து, வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். கழுவி அப்படியே ராத்திரி விட்டால் காலையில் புதுத் துரு பூத்திருக்கும். காய்ந்த அன்றைக்கே எண்ணெய் விட வேண்டும். மழை தொடர்ந்து பெய்கிற வாரத்தில் தண்ணீரே ஊற்றாமல் மண்ணெண்ணெய்த் துணியோடு நிறுத்திக்கொண்டு, அது ஆவியானதும் எண்ணெய் விடுவதுதான் புத்திசாலித்தனம்.

எண்ணெய் விடுவதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். செயின்மேல் கொட்டக் கூடாது. கீழ்ப்பக்கச் செயினின் உள்புறத்தில், ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு. செயினில் நூற்றுச் சொச்சம் உருளை இருக்கும், பொறுமை வேண்டும். பிறகு பெடலைப் பத்து நிமிடம் அவ்வப்போது பின்னால் சுற்றிவிட்டு, வெளியே நிற்கும் எண்ணெய் முழுவதையும் துணியால் துடைத்து எடுத்துவிடுங்கள். உள்ளே போனது உள்ளேயே இருக்கும். வெளியே மினுமினுத்து நிற்பது கணவாய்க் காற்று கொண்டுவரும் புழுதியைப் பிடித்துவைக்க மட்டும்தான் உதவும்.

எந்த எண்ணெய்? சைக்கிள் செயினுக்கென்று விற்பது நல்லது. கிடைக்காவிட்டால் வெயில் காலத்தில் தையல் மிஷின் எண்ணெய் சரிதான், மெல்லியது, அடிக்கடி விட வேண்டியிருக்கும். மழைக்காலத்தில் புது இன்ஜின் ஆயில் சில சொட்டு போதும். ஒர்க்‌ஷாப்பில் இலவசமாகக் கிடைக்கும் கறுத்த பழைய ஆயிலை விடும் வழக்கம் நம் ஊர்க் கடைகளில் பரவலாக உண்டு. அது வேண்டாம். அதில் இன்ஜின் தேய்ந்த இரும்புத் துகளும் கரியும் அமிலமும் இருக்கும், தோலுக்கும் கெடுதல். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழிக் காலையில் கண்ணியெல்லாம் மெழுகு பூசியதுபோல் இருக்கும். நல்லெண்ணெய் நாள்பட்டால் பிசினாகிவிடும். டபிள்யூடி-40 மாதிரி ஸ்ப்ரே ஈரத்தை விரட்டவும் இறுகிய கண்ணியை இளக்கவும் உதவும். அதுவே எண்ணெய் என்று எண்ணி ஓட்டினால் சில நாளில் செயின் காய்ந்து கீச்சிடும்.

சில விஷயங்களில் தொழில்காரர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. புதுச் செயினில் கம்பெனி பூசி அனுப்பும் கிரீஸைக் கழுவிவிட வேண்டுமா என்பது ஒன்று. பந்தய வண்டிக்காரர்கள் கழுவி, மெழுகு உருக்கி முக்குகிறார்கள். உலர்ந்த புழுதிக்கு அது நல்ல முறை. தினசரி ஓட்டும் வண்டிக்கு அந்தக் கிரீஸை விட்டுவைத்து, வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்தால் போதும் என்பது என் கருத்து. எத்தனை நாளைக்கு ஒருமுறை கழுவ வேண்டும் என்பதற்கும் கணக்கு கிடையாது. கரிசல் சேற்றில் ஒரு நாள் ஓடிய வண்டிக்கு அன்றைக்கே துடைப்பு வேண்டும், தார் ரோட்டில் ஓடும் வண்டிக்கு மாதம் ஒன்று போனாலும் தப்பில்லை. துடைப்பதும் எண்ணெய் விடுவதும்தான் அடிக்கடி வேண்டும். முழுக்கழுவல் எப்போதாவது போதும்.

கடைசியாக, அந்தச் செயினை நம்பலாமா என்பது. வெறும் படத்தைப் பார்த்து இதை யாரும் தீர்த்துச் சொல்ல முடியாது, செயினை நீங்களே வீட்டில் பார்த்துவிடலாம். எண்ணெய்த் துணியால் துடைத்ததும் செந்நிறம் போய், கீழே தகடு வழவழப்பாக இருந்தால் அது மேல்துரு, பயமில்லை. ஊசி குத்தியதுபோல் குழிகள் தெரிந்தால், தகட்டில் மயிரிழை அளவு வெடிப்பு தெரிந்தால், யோசிக்காமல் மாற்றுங்கள். பெடலைப் பின்னால் சுற்றும்போது டீரெயிலரில் ஏதாவது கண்ணி மடங்காமல் துள்ளினால் அங்கே எண்ணெய் விட்டு, கையால் இப்படியும் அப்படியும் அசைத்து இளக்கிப் பாருங்கள். இரண்டு மூன்று நாளில் இளகாவிட்டால் அதுவும் மாற்ற வேண்டியதே. பிறகு ஸ்டீல் ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். ஒரு பின்னின் நடுவில் தொடங்கி 24 கண்ணி தள்ளியுள்ள பின்னின் நடு வரை புதுச் செயினில் சரியாக 12 அங்குலம், 304.8 மில்லிமீட்டர் இருக்கும். 306.5-க்குள் இருந்தால் ஓட்டலாம். 307 தாண்டினால் செயினை மாற்றுங்கள். 308-ஐ நெருங்கிவிட்டால் பின்னாலுள்ள பல்சக்கரமும் தேய்ந்திருக்கும், புதுச் செயின் மட்டும் போட்டால் வழுக்கும். யாராவது ஏற்கெனவே அதில் ஆசிட் ஊற்றியிருந்தால் அளவு, பளபளப்பு எதையும் பார்க்க வேண்டாம், செயினை மாற்றிவிடுங்கள். ஏழு கியர் செயின் விலை அதிகமில்லை.

கழுவிய மண்ணெண்ணெயைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். மூடியுள்ள தகர டப்பாவில் ஒரு நாள் வைத்தால் மண் அடியில் தங்கும். மேலே தெளிந்ததை அடுத்த முறைக்கு எடுத்துக்கொள்ளலாம். அடிக்கசடை மரத்தூளில் ஊறவைத்து, பழைய ஆயில் சேர்த்துக் கொடுக்கும் ஒர்க்‌ஷாப் ஏதாவது பக்கத்தில் இருந்தால் அங்கே ஒப்படைத்துவிடுங்கள்.